வென்றவன் புகுந்த தெரு
பள்ளிகளில் உலகப் போர்ப் பாடம் குறித்து ஒரு திறனாய்வு

போரைப் பற்றிய பாடம் இரண்டு வினாக்களுக்கு விடை கூற வேண்டும். அது ஏன் வந்தது என்பது ஒன்று; வந்து, யார் யாருடைய வாழ்வை என்ன செய்தது என்பது மற்றொன்று. முதல் வினாவை வரலாற்றுக்கும் இரண்டாவது வினாவை இலக்கியத்துக்குமாக நாம் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறோம். பங்கிட்டதில் பிழையில்லை. பங்கிட்டவற்றைச் சேர்த்துப் பார்க்கும் வேளை வகுப்பறையில் வாய்ப்பதில்லை என்பதுதான் குறை.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக்கென 2019இல் வெளிவந்த பாடநூல்கள் இதற்கு நல்ல சான்று. சமூக அறிவியல் நூல் முதல் உலகப் போரில் தொடங்கி, இரு போர்களுக்கும் இடைப்பட்ட உலகைக் காட்டி, இரண்டாம் உலகப் போரில் வந்து நிற்கிறது. அதே ஆண்டுக்குரிய தமிழ்ப் பாடநூலில், ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ என்னும் நாவலிலிருந்து ஒரு பகுதி சுருக்கித் தரப்பட்டிருக்கிறது. தமிழில் இரண்டாம் உலகப் போரைப் பற்றி எழுதப்பட்ட நாவல்களுள் தலையாயது எது என்று கேட்டால், திறனாய்வாளர் பலரும் தயங்காது குறிப்பிடும் நூல் அது. ஆக, போர்க் காரணங்களைக் கூறும் பாடமும், அப்போரில் அகப்பட்ட ஒரு தமிழ் இளைஞனின் கதையும் ஒரே மாணவனின் புத்தகப் பையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. எனினும் அவை ஒன்றையொன்று அறியா. ஏனெனில் தமிழ்ப் பாடநூல் அந்நாவலிலிருந்து எடுத்துக் கொண்டது கடற்புயலை. வைத்த இடம் இயற்கையைப் பற்றிய இயல். போர் நூலாசிரியர் குறிப்போடு நின்றுவிடுகிறது.

இந்தப் பிரிவினால் விளையும் இழப்பு எவ்வளவு என்பதை அளந்தறிய ஓர் இடம் வேண்டும். கொல்லிமலையிலுள்ள செம்மேட்டை அதற்குத் தேர்ந்து கொள்வோம்.

செம்மேட்டு மாணவன்

கடற்கரை ஊர்களில் போர்ப் பாடத்துக்குத் துணை நிற்க வீட்டிலேயே ஏதேனும் இருக்கும். பினாங்கிலோ ரங்கூனிலோ கடை வைத்திருந்த பாட்டனாரைப் பற்றிய ஒரு பேச்சு, பெட்டியின் அடியில் கிடக்கும் ஒரு பழைய நோட்டு, மஞ்சளேறிய ஒரு கடிதம். செம்மேட்டுக்கு அந்த வசதி இல்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டிய அம்மலையூரில், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளை கடலையே கண்டிராமல் இருக்கலாம். சரயேவோவும் வெர்சாயும் அப்பிள்ளைக்குத் தேர்வுத் தாளில் எழுத வேண்டிய சொற்கள். அங்கே பாடநூல் ஒன்றுதான் துணை. எனவே, பாடத்தின் தரத்தைச் செம்மேட்டில் வைத்துப் பார்ப்பதே நேர்மையான சோதனையாகும்.

ஆனால், போர் என்பது செம்மேட்டுக்கு அயலான செய்தி என்று எண்ணிவிடலாகாது. அவ்வூரின் நடுவே குதிரைமேல் அமர்ந்த கோலத்தில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதம் 17, 18 நாள்களில் ஓரிக்கு அங்கே அரசு விழா எடுக்கப்படுகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பில் பல விலங்குகளை வீழ்த்திய வில்லாளன் என்று பிள்ளைகள் அவனைப் பற்றிப் படிக்கிறார்கள். வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாடல்கள் அவனது கொடைக்குச் சான்று. இவ்வளவும் உண்மையே. ஆயினும் அவனது முடிவு எத்தகையது என்பதை விழா மேடைகள் விரித்துரைப்பதில்லை. ஓரி போரில் கொல்லப்பட்டவன்.

அகநானூறு அதைத் தெளிவாகவே கூறுகிறது. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று, கொல்லி மலையைச் சேரருக்குக் கொடுத்தான். காரிக்கும் ஓரிக்கும் இடையே மூண்டது வெறும் இருவர் பகை அன்று. அதன் பின்னே பெரியதோர் அரசின் கை இருந்தது. மலை கைமாறியது. சேரரின் வலிமை பின்னர் தகடூர் வரை சென்று அதியமானைச் சாய்த்தது. சிறிய நாட்டின் தலைவன், பெரிய வேந்தனின் கூட்டு, பயன்மிக்க நிலத்தின் மேல் நாட்டம், ஒரு வெற்றி அடுத்த போருக்குப் படியாவது ஆகிய இவையெல்லாம் செம்மேட்டுப் பிள்ளைக்குத் தன் ஊர்ச் சிலையின் அடியிலேயே கிடைக்கின்றன.

1914ஆம் ஆண்டின் கதையை இங்கிருந்து தொடங்கினால் என்ன? ஜூன் 28இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்படுகிறார். சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 28இல், ஆஸ்திரியா செர்பியாவின்மீது போர் தொடுக்கிறது. செர்பியாவுக்கு ரஷ்யா துணை. ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி துணை. ஆகஸ்ட் 1இல் ஜெர்மனி ரஷ்யாவின்மீதும், 3இல் பிரான்சின்மீதும் போர் அறிவிக்கிறது. பெல்ஜியத்துக்குள் படை புகுந்தவுடன் 4ஆம் நாள் பிரிட்டன் இறங்குகிறது. பிரிட்டன் இறங்கியதால் இந்தியாவும் இறங்கியதாயிற்று. இந்தியரை எவரும் கேட்கவில்லை. ஒருவனுக்குத் துணையென்று மற்றொருவன் களத்தில் இறங்கினால் என்ன நேரும் என்பதைக் காரி, ஓரி, சேரன் கதையால் அறிந்த பிள்ளைக்கு இந்தத் தேதிகள் மனப்பாடச் சுமையாகா.

இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் ஆசிரியர் உடனே சொல்லிவிட வேண்டும். சங்ககாலப் போரில் வில்லும் வேலும் யானையும் குதிரையும் பொருதன. 1914இல் தொழிற்சாலைகள் பொருதன. இயந்திரத் துப்பாக்கியும் நச்சுப் புகையும் முள்கம்பி வேலியும் புகுந்தபின், வீரம் என்ற பழைய சொல்லுக்கு அங்கே இடம் சுருங்கிப் போயிற்று. குடியேற்ற நாடுகளுக்கான போட்டி உலகப் படத்தையே பங்கு போட்டிருந்தது. எனவே ஓரியின் கதை படி ஏறுவதற்கு முதற்கல், அதுவே மாடியாகிவிடாது.

‘மூண்டது’ என்னும் சொல்

நம் பாடங்களின் மொழியைச் சற்று உற்றுப் பார்ப்போம். போர் ‘மூண்டது’ என்கிறோம், ‘வெடித்தது’ என்கிறோம். முதல் உலகப் போர்ப் பாடத்தின் தலைப்பிலேயே ‘வெடிப்பு’ என்ற சொல் அமர்ந்திருக்கிறது. தீ தானே மூள்வது போலவும், காய்ந்த நெற்று தானே வெடிப்பது போலவும் போர் தானே நிகழ்ந்துவிட்டதாக இச்சொற்கள் நினைக்க வைக்கின்றன. இவை நல்ல தமிழ்ச் சொற்களே. இக்கட்டுரையிலும் அவை வந்துள்ளன. ஆனால் இவை மட்டுமே வழங்கும்போது, செய்தவன் மறைந்துவிடுகிறான். தமிழில் ‘போர் தொடுத்தான்’ என்ற தொடரும் இருக்கிறது. தொடுத்தல் என்றதும் தொடுத்தவன் யார் என்ற வினா எழுகிறது.

நான்கு காரணங்கள், ஐந்து காரணங்கள் என்று எண்ணிட்டுக் கூறும் முறைக்கும் இதே குறை உண்டு. இராணுவவாதம், கூட்டணிகள், ஏகாதிபத்தியம், தீவிர தேசியம் என்று வரிசைப்படுத்துவது தெளிவுக்கு உதவுகிறது. அந்த அளவில் பாடநூலைப் பாராட்டவே வேண்டும். எனினும் இராணுவவாதம் எந்த ஆணையிலும் கையெழுத்திட்டதில்லை. கையெழுத்திட்டவர்கள் மனிதர்கள். அந்த ஐந்து வாரங்களில் அவர்கள் வேறு முடிவு எடுத்திருக்க இயலுமா என்ற வினாவை வகுப்பில் எழுப்பாவிட்டால், போரைத் தடுக்க முடியாத இயற்கைச் சீற்றமாகவே மாணவன் கருதுவான். போர் நாவலிலிருந்து புயலை மட்டும் எடுத்துப் பாடமாக்கிய தமிழ்ப் புத்தகமும் அறியாமலே இந்த எண்ணத்துக்குத் துணை போய்விடுகிறது. புயலுக்குக் காரணகர்த்தா இல்லை; போருக்கு உண்டு.

போர் தமிழகத்தைத் தொட்ட நாளும் நமக்குத் தெரிந்ததே. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே தோன்றிக் குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அக்டோபர் 28இல் அதே கப்பல் பினாங்கில் ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே அதன் ஆட்டம் முடிந்தது. தமிழில் மட்டும் அது முடியவில்லை. எதற்கும் துணிந்த கெட்டிக்காரனை இன்றும் ‘சரியான எம்டன்’ என்கிறோம். ஐரோப்பியப் போர் நம் பேச்சில் ஒரு சொல்லை விட்டுச் சென்றது. எந்த ஆசிரியரும் இச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பாடத்தைத் தொடங்கலாம்.

இரண்டு தெருக்கள்

இனி இலக்கியத்துக்கு வருவோம். நற்றிணையில் கபிலர் பாடலொன்றில் ஓரியின் மரணம் வருகிறது. அது புறப்பாட்டன்று, அகப்பாட்டு. ஊரில் எழுந்த பேராரவாரத்துக்கு அங்கே ஓர் உவமை கூறப்படுகிறது. ஓரியைக் கொன்ற பின், காரி அவனுடைய பெருந்தெருவிலே புகுந்தபோது எழுந்த ஒலி போன்றது அது என்கிறார் புலவர். இரு மன்னரும் மோதிய களத்தை அவர் காட்டவில்லை. வென்றவன் உள்ளே வருகிறான், தோற்றவனின் மக்கள் தெருவில் நிற்கிறார்கள், ஒலி எழுகிறது. அவ்வளவே. அந்த ஒலி அழுகையா, அச்சமா, கலவரமா என்று விளக்கவும் இல்லை. காதல் பாட்டில் உவமையாகப் பயன்படும் அளவுக்கு அந்தத் தெருவின் நினைவு அன்றைய மக்களிடம் பரவியிருந்தது போலும்.

இதனை மனத்தில் வைத்துக் கொண்டு சிங்காரத்தின் நாவலைத் திறக்கலாம். 1942 மார்ச் மாதம். சுமத்ராவின் மெடான் நகரம். கெர்க் ஸ்ட்ராட் என்னும் தெரு. டச்சுக்காரரின் ஆட்சி சரிந்து, ஜப்பானியப் படை நுழைகிறது. தெருவில் நிற்கும் பல இன மக்கள் பார்க்கிறார்கள். நேற்றுவரை அசைக்க முடியாதவர்களாகத் தோன்றியவர்கள் இன்று இல்லை; புதியவர்கள் எத்தகையவர்கள் என்று யாருக்கும் தெரியாது. நாவலாசிரியர் தளபதிகளின் அறைக்குள் போகவில்லை. அவரும் தெருவிலேதான் நிற்கிறார். ஈராயிரம் ஆண்டு இடைவெளியில், கொல்லிமலைத் தெருவும் மெடான் தெருவும் ஒன்றையொன்று பார்த்துக் கொள்கின்றன. இந்தச் சந்திப்பைச் செம்மேட்டு வகுப்பறையில் நிகழ்த்திக் காட்டும் ஆசிரியர், உலகப் போரின் பாதியைக் கற்பித்துவிட்டவர் ஆவார்.

சிங்காரம் எழுதியது கேள்வி ஞானத்தால் அன்று. 1920இல் சிங்கம்புணரியில் பிறந்த அவர், 1938இல் மெடானுக்குப் பிழைக்கச் சென்றவர். போர் முடிந்த பின் 1946இல் திரும்பியவர். மதுரையில் ‘தினத்தந்தி’யில் நெடுங்காலம் பணியாற்றி, 1997இல் மறைந்தார். எழுதிய நாவல்கள் இரண்டே. கலைமகள் பரிசு பெற்ற ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் நூலாயிற்று. ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்தது. முன்னதில், பினாங்குக் குண்டுவீச்சில் மகனைப் பறிகொடுத்த ஒரு வட்டிக்கடை முதலாளியின் மகளும், இந்திய தேசிய ராணுவத்திலிருந்து திரும்பிய செல்லையாவும் ஒன்று சேர முடியாமற் போகிறார்கள். போர் முடிந்துவிட்டது, ஆனால் போருக்குப் போய் வந்தவனைப் பழைய கடை ஏற்கவில்லை. பின்னதில், கடைக் கணக்குப்பிள்ளையாக வந்த பாண்டியன் படைவீரனாகி, இந்தோனேசிய விடுதலைப் போரிலும் கலந்து, இறுதியில் உயிரிழக்கிறான். பணத்தைப் பெருக்க வந்த இளைஞனைப் போர் எங்கெங்கோ இழுத்துச் செல்லும் பாதையே அந்நாவல். பாடநூலில் வரும் தொங்கான் பயணமும் ஜப்பானியர் ஆட்சிக்காலத்துப் பயணமே. எக்காலத்தில், என்ன நெருக்கடியில் அத்தோணி கடலில் இறங்கியது என்று கேட்க வைத்தாலே போதும், இயற்கைப் பாடம் வரலாற்றுப் பாடமாகிவிடும்.

இந்நாவலைப் பதினைந்து வயதினரிடம் கொடுக்கலாமா என்று சிலர் தயங்கக்கூடும். மதுக்கடைப் பேச்சும் விலைமாதர் இல்லமும் அதில் வருவது மெய். முழு நூலையும் பாடமாக்க வேண்டுமென எவரும் கேட்கவில்லை. மெடான் தெருக்காட்சியை எடுத்து வைக்கத் தடை ஏதுமில்லை.

சிங்காரத்தின் எல்லையையும் மறைப்பதற்கில்லை. அவர் கண்ட உலகம் வட்டிக்கடைகளின் உலகம், ஆண்களின் உலகம். பெண்கள் அதில் நிழலாகவே நடமாடுகிறார்கள். ரப்பர்த் தோட்டத்து உழைப்பாளியின் போர் அனுபவம் அவரது தோணியில் ஏறவில்லை. அதற்கு நாம் மலேசியத் தமிழ் எழுத்தாளரிடம் செல்ல வேண்டும். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அக்குறையை நிறைவு செய்கின்றன.

சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு, காட்டையும் மலையையும் குடைந்து ஜப்பானியர் ரயில் பாதை அமைத்தனர். 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க் கைதிகளான வெள்ளையர் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் வேலை வாங்கப்பட்டனர். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் சுமார் இரண்டு லட்சம் பேர். அவர்களில் இறந்தோர் தொகையைத் தொண்ணூறாயிரம் அளவில் மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். காலராவும் பசியும் அடியும் அவர்களைத் தின்றன. 1957இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் திரைப்படம் இப்பாதையைப் பற்றியதுதான். அதைப் பார்த்தவருக்கு அங்கே தமிழர் செத்தார்கள் என்ற செய்தியே எட்டாது. காஞ்சனபுரியில் வெள்ளைக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளிக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை இல்லை. எண்ணப்பட்டவன், எண்ணப்படாதவன் என்ற இந்த வேறுபாடும் போர்ப் பாடத்தின் ஒரு பகுதியே.

பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் கதைக்கு வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ இருக்கிறது. 1942இல் ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். மலை வழியே வந்தவர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் நடுவழியில் விழுந்தனர். அவ்வழிகளிலும் வெள்ளையருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று என வேற்றுமை இருந்தது. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்ற மரபுக் கதையைச் சொல்லிவரும் கொல்லிமலை மக்களின் பிள்ளைகளுக்கு, வீட்டை விட்டுப் புறப்பட்டு மலை கடப்பது என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

நம் வீடுகளில் போர்

இப்பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்களுக்கு இதில் தனிப்பட்ட கடமை ஒன்று உண்டு. தமிழ் முஸ்லிம்களின் கடல் கடந்த வாழ்வு போர்கள் நடந்த அதே துறைமுகங்களில் அமைந்திருந்தது. நாம் ‘சபராளி’ என்று அழைத்தவர்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் இருந்தார்கள்.

முதற் போரில் உதுமானியத் துருக்கி ஜெர்மனியின் பக்கம் சேர்ந்ததும், வெள்ளையர் படையிலிருந்த முஸ்லிம் சிப்பாய்களின் உள்ளம் இரண்டுபட்டது. 1915 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரில் ஐந்தாம் இலகு காலாட்படையினர் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் செல்லவிருந்தது ஹாங்காங்குக்கு. துருக்கியரை எதிர்த்துப் போரிடவே அனுப்புகிறார்கள் என்ற வதந்தி அவர்களிடையே பரவியிருந்தது. கிளர்ச்சி அடக்கப்பட்டபின் 47 பேர் சிறைச்சுவர் முன் நிறுத்தப்பட்டு, ஊரார் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டனர். போர் முடிந்த பின் 1920இல் செவ்ரே உடன்படிக்கை உதுமானிய அரசைத் துண்டாடிற்று. கிலாபத் இயக்கம் தமிழகத்து ஊர்களையும் உலுக்கியது. 1924இல் கிலாபத்தை ஒழித்தவர்கள் துருக்கியரே. இவ்வியக்கத்தை விடுதலைப் போராட்டத்தின் ஓர் அத்தியாயமாக மட்டுமே நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அது போரின் விளைவும் ஆகும் என்ற தொடர்பு விடுபட்டுவிடுகிறது.

இரண்டாம் போரில் குண்டு நேராக நம் தெருவிலேயே விழுந்தது. 1941 டிசம்பர் 11ஆம் நாள் காலை, பினாங்கு ஜார்ஜ் டவுனின் மேலே ஜப்பானிய விமானங்கள் தோன்றின. மக்கள் வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே குண்டுகள் விழுந்தன. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சூலியா தெருவும் அமைந்த அந்நகரில், நம்மவர் கடைகளும் தப்பியிருக்க முடியாது. சில நாள்களில் ஐரோப்பியர் இரகசியமாக வெளியேற்றப்பட்டனர், ஆசியர் கைவிடப்பட்டனர். ஆங்கிலேயரின் கொடியை இறக்கும் பொறுப்பும் எம். சரவணமுத்து என்ற இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையாசிரியருக்கு வந்து சேர்ந்தது. டிசம்பர் 23இல் ரங்கூன்மீது குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது.

கூட்டங்களில் நாம் பெருமையோடு நினைவுகூரும் பெயர்கள் இருக்கின்றன. 1943இல் நேதாஜி அமைத்த சுதந்திர இந்தியத் தற்காலிக அரசில் ஆலோசகராக விளங்கிய தமிழ் முஸ்லிமான கரீம் கனி, அதே ஆண்டு செப்டம்பர் 10இல் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட கேரளத்து வக்கம் அப்துல் காதர் ஆகியோரை மறக்கலாகாது. ஆனால் பெயர்களின் பட்டியலும் காரணங்களின் பட்டியலைப் போன்றதே. அதற்குள் அடங்காத ஒரு துயரம் நம் வீடுகளில் இருந்தது.

ஜப்பானியர் நுழைந்த நாளிலிருந்து 1945 செப்டம்பர் வரை அத்துறைமுகங்களிலிருந்து முறையான தபால் இல்லை, பணம் இல்லை. ஊரிலிருந்த மனைவிக்குக் கணவன் இருக்கிறானா, இறந்தானா என்று தெரியாது. மவுத்துச் செய்தி வந்தால் இத்தா இருக்கலாம். வராதபோது என்ன செய்வது? காணாமற்போன கணவனைப் பற்றி மார்க்கச் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், கணவன் இருக்குமிடம் நான்கு ஆண்டுகள் தெரியாவிட்டால் மனைவி நீதிமன்றத்தை நாடலாம் என்று வகை செய்தது. 1941 டிசம்பருக்கும் 1945 செப்டம்பருக்கும் இடைப்பட்ட காலம் அந்த நான்கு ஆண்டுகளுக்குச் சில மாதங்களே குறைவு. சட்டப் புத்தகத்தின் ஒரு வரியும் போர் வரலாற்றின் இரு தேதிகளும் ஒரு பெண்ணின் முற்றத்தில் வந்து சந்திக்கின்றன. இறந்தவர்களின் எண்ணிக்கையில் இவள் இல்லை. காயம்பட்டவர்களின் எண்ணிக்கையிலும் இல்லை. பர்மா அரிசி நின்று போனதும் ஒரு காரணமாகி, 1943இல் வங்காளப் பஞ்சத்தில் மாண்ட சுமார் முப்பது லட்சம் பேரும் போர்க்களத்தில் இறந்தவர்களாக எழுதப்படவில்லை. மனித இழப்பு என்ற தலைப்பின் கீழ் படைவீரர் தொகையை மட்டும் எழுதி முடிக்கும் பாடம் எவ்வளவு குறைபட்டது என்பது இதனால் விளங்கும்.

செய்ய வேண்டுவன

பாடநூல் எழுதுவோர் மீண்டும் திருத்தும்போது, ஒரே ஆண்டில் வரும் வரலாற்றுப் பாடமும் தமிழ்ப் பாடமும் ஒன்றையொன்று சுட்டுமாறு அமைக்கலாம். சிங்காரத்தின் புயலை நீக்க வேண்டுவதில்லை. அதன் அருகே மெடான் தெருவையும் வைக்க வேண்டும்.

ஆசிரியர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. போர் தொடுத்தவர் யார், வேறு வழி இருந்ததா, வென்றவன் புகுந்த தெருவில் நின்றவர்கள் யார், எண்ணப்படாமற் போனவர்கள் யார் என்ற நான்கு வினாக்களை எந்தப் போருக்கும் கேட்கலாம். செம்மேட்டில் ஓரியிலிருந்து தொடங்கலாம், சென்னையில் எம்டனிலிருந்து, கடற்கரை ஊர்களில் வீட்டுப் பெட்டியிலிருந்து.

அந்தப் பெட்டி நம் பொறுப்பு. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானியப் பத்து டாலர் நோட்டுகளைச் செல்லாக் காசு என்றும், பழைய கடிதங்களைக் குப்பை என்றும் எறிந்துவிடும் வீடுகள் உண்டு. போரைக் கண்ணால் கண்டவர்களில் நம்மிடையே எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. அவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி வைத்தவை இன்னும் இருக்கின்றன. அவற்றை எழுதி வைத்து, அருகிலுள்ள பள்ளிக்கு ஒரு படி கொடுத்தால், அது கடலைக் காணாத பிள்ளையையும் ஒரு நாள் சென்றடையும். காரி புகுந்த தெருவின் ஒலியை ஒரு புலவர் பதிந்து வைத்ததால்தான் இன்று அது செம்மேட்டுப் பிள்ளைக்குக் கேட்கிறது. சூலியா தெருவின் ஒலியைப் பதிந்து வைக்க நம்மைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?